அம்மாவில் எத்தனை ஒலி?

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு வாங்கிய கைடுக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கேள்விகள் அச்சான தாள், மொத்தம் இருபது கேள்விகள். முதல் பக்கத்தின் மேல்மூலையில் சிவப்பு மையில் 7 என்று போட்டிருக்கிறது. போட்டது நான்தான். என் தாளை நானே திருத்தி எனக்கு நானே கொடுத்த மதிப்பெண்.

சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தமிழ்வழி எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப் பள்ளியில், 2005 முதல் டீச்சராக இருக்கிறேன். (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.) இங்கே வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். பஸ்ஸின் நெற்றியிலும் ரேஷன் கார்டிலும் இருப்பது மலையாளம். கிழக்கே சிறிது தூரம் போனால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் தமிழைப் படிக்கத் தொடங்கும்போதே மலையாள எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு மூன்று எழுத்துமுறைகள். இதை ஒரு பெருமையாகச் சொல்வோம். அது அந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் எவ்வளவு வேலை என்று நான் பல ஆண்டுகள் யோசித்ததில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எத்தனை காலம் பணியில் இருந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வில்லாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. கேரளத்தில் அந்தத் தேர்வு தொடங்கியதே 2012இல்தான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே நான் வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன். எனக்கு இன்னும் பத்து ஆண்டுப் பணி இருக்கிறது. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைடைத் திறந்துகொண்டு உட்காருகிறேன். 150 கேள்விகள், 150 நிமிடம். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் 30, கணக்கு 30, சூழலியல் 30, முதல் மொழி 30, இரண்டாம் மொழி 30. உளவியலாளர் பியாஜேயின் நான்கு வளர்ச்சிப் படிநிலைகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். அணி இலக்கணம் மறுபடி மனப்பாடம் ஆகிவிட்டது.

தேர்வு எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளுக்கு மாதந்தோறும் தேர்வு வைக்கிறவள் தனக்கு ஒன்று வரும்போது முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் நான் தீர்த்துப் பார்த்த பழைய வினாத்தாள்களில், ஒரு பிள்ளை படிக்கத் திணறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தொடும் கேள்விகள் மிகவும் குறைவு. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்றால் என்ன என்று ஒரு வரி விளக்கம் கேட்டிருக்கும், அவ்வளவுதான். மடித்து வைத்திருக்கிறேனே, அந்தத் தாள் அதைத்தான் கேட்டது. அதைப் பற்றி எழுதவே இன்று உட்கார்ந்தேன்.

அது சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை கிளஸ்டர் கூட்டத்தில் நடந்தது. சுற்றுவட்டாரத் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளம் பெண்ணை அழைத்திருந்தார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட். என் மூத்த மகளைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருப்பாள். வணக்கம் சொன்னாள், தாளைக் கொடுத்தாள், “டீச்சர், பெயர் எழுத வேண்டாம். தாளை நான் திருப்பி வாங்கப் போவதில்லை” என்றாள்.

முதல் கேள்வி: ‘அம்மா’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து, எத்தனை ஒலி?

எழுத்து மூன்று. ஒலியும் மூன்று என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே எழுதினார். அடுத்தது ‘பூ’. எழுத்து ஒன்று, ஒலியும் ஒன்று. அடுத்தது ‘கப்பல்’. நான்கு, நான்கு. இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாள் என்று தோன்றியது. ஐந்தாவது கேள்வியில் கொஞ்சம் நின்றேன். ‘கடை’ என்னும் சொல்லில் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ‘டை’ என்று எழுதினேன்.

திருத்தும்போது அவள் விடையைச் சொல்லவில்லை. ‘பூ’ என்று மெதுவாகச் சொல்லச் சொன்னாள், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு. உதடு ஒட்டுகிறது, பிரிகிறது, பிறகு குவிந்து நீள்கிறது. ப், ஊ. ஓர் எழுத்துக்குள் இரண்டு ஒலிகள். அந்த அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. எல்லோரும் உதட்டில் விரல் வைத்துப் ‘பூ’ சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மாவில் நான்கு ஒலிகள்: அ, ம், ம், ஆ. கப்பலில் ஆறு. ‘கடை’யில் முதல் ஒலி ‘க’ அல்ல, ‘க்’. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘அடை’.

உயிர்மெய் என்று எத்தனை ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். க் + அ = க. மெய்யும் உயிரும் சேர்ந்தது என்று பெயரிலேயே சொல்லியிருக்கிறது. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. எந்த ஒலி தொண்டையில், எது அண்ணத்தில், எது இதழில் பிறக்கிறது என்று விரித்துச் சொல்கிறது. ஆசிரியர் பயிற்சியில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆனால் அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாய்க்கும் காதுக்கும் சம்பந்தப்பட்ட செய்தி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இலக்கணம் ஓர் அலமாரியில் இருந்தது, படிக்கக் கற்றுக்கொடுப்பது வேறோர் அலமாரியில் இருந்தது.

பதினொன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒரு பிள்ளை ‘தொட்டி’ என்பதைத் ‘தெரட்டி’ என்று படிக்கிறது. ‘மோர்’ என்பதை ‘மேரர்’ என்று படிக்கிறது. ‘பால்’, ‘மாடு’, ‘தேன்’ எல்லாம் சரியாகப் படிக்கிறது. இந்தப் பிள்ளைக்கு நாளை நீங்கள் என்ன கற்பிப்பீர்கள்? கீழே நான்கு விடைகள் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது: கவனக்குறைவு, நிதானமாகத் திரும்பப் படிக்கச் சொல்வேன்.

அந்தப் பிள்ளை என் வகுப்பில் இருந்தான். மூன்றாம் வகுப்பு. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) வளர்ந்தான். ஆடுகளைப் பற்றி அவனிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வான். பாடப்புத்தகத்தைக் கடகடவென்று படிப்பான். நடுவரியில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து இது என்ன என்றால் விழிப்பான். புத்தகம் முழுக்கக் காதால் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஒருநாள் பலகையில் ‘கோலம்’ என்று எழுதிப் படிக்கச் சொன்னேன். ‘கேரலம்’ என்றான். வகுப்பே சிரித்தது. பள்ளியின் பெயர்ப்பலகையிலும் பஸ்ஸிலும் பார்த்த கேரளத்தை நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கண்ணுக்குப் பட்டதைப் பட்ட வரிசையில், ஒன்றுவிடாமல் படித்தான். ‘கோ’ என்பதை உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் இரட்டைச் சுழிக் கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் கால். கொம்பையும் ககரத்தையும் சேர்த்தால் கே. அது முடிந்துபோயிற்று. மீதி நிற்கும் காலுக்குச் சேர எழுத்தில்லை. காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே உருவம். அதனால் ர. பிறகு லம். கே, ர, லம். தொட்டி தெரட்டியானதும் மோர் மேரர் ஆனதும் இதே கணக்குத்தான். ‘பா’ என்பதை ஆகார வரிசையில் முழுதாகப் பார்த்துப் பழகியிருந்ததால் பால் சரியாக வந்தது. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி, இரண்டும் நடுவில் இருக்கும் எழுத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்ற ஒரே ஒரு செய்தி அவனுக்குக் கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டியது நான். அவனை நான் மந்தம் என்று குறித்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு பழைய காலண்டர் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, இரண்டு பக்கமும் குறியை எழுதி, நடுவில் எழுத்து அட்டைகளை மாற்றி மாற்றிச் செருகினேன். கொ, மொ, தொ, பொ. பிறகு கோ, மோ, தோ, போ. காதால் கேட்டு எந்த அட்டை என்று எடுக்கச் செய்தேன். நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். வெள்ளிக்கிழமை பலகையில் கோலம் என்று எழுதினேன். படித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு மற்ற குறைகள் இன்னும் இருந்தன, ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று ஆண்டுகள் அவன் சுமந்த ஒரு பாரம் நான்கு நாளில் இறங்கியது.

ஆசிரியர்களைச் சோதிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அவனுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று சொல்ல ஆசிரியர் தேவையில்லை, அம்மிச்சிக்கே தெரியும். எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை, நாளைக் காலை எங்கே தொடங்குவது என்பதைப் பிழையைப் பார்த்தே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வகைச் சோதனை நம் ஊரில் பிறந்ததில்லை. 1994இல் அமெரிக்காவில் லூயிசா மோட்ஸ் என்னும் ஆய்வாளர், ஏற்கெனவே வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்களிடம் மொழியின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் பற்றிக் கேட்டு, அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ (ox) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்து இரண்டு, ஒலி மூன்று. இது போன்ற எளிய கேள்விகளில்கூட நன்கு படித்த ஆசிரியர்கள் இடறினார்கள். டெக்சாஸில் மலாதேஷ ஜோஷியும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிப் பேராசிரியர்களையே சோதித்தார்கள். சொல்லை அசை பிரிப்பது அவர்களுக்கு நன்றாக வந்தது. ஒலி பிரிப்பதிலும் சொல்லின் பொருளுறுப்புகளைப் பிரிப்பதிலும் தடுமாறினார்கள். இதற்கு அங்கே பேதுரு விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பைபிளில், கோயில் வாசலில் பிச்சை கேட்டவனிடம், என்னிடம் இல்லாததை எப்படித் தருவேன் என்று பேதுரு சொன்னாரே, அந்தக் காட்சியை வைத்துத்தான். இதைக் கேட்டபோது எனக்குக் கோபமோ வெட்கமோ வரவில்லை, ஓர் ஆறுதல் வந்தது. இருபதுக்கு ஏழு எடுத்தது நான் மட்டும் இல்லை, எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த ஆங்கிலக் கேள்விகளை அப்படியே தமிழில் பெயர்த்தால் பயன்படாது. இதை அந்தப் பெண்ணும் அழுத்திச் சொன்னாள், என் வகுப்பும் சொல்கிறது. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள், ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழப்பம். நமக்கு உறவு ஒழுங்கானது, எழுத்துகள் 247. சோனாலி நாக் என்னும் ஆய்வாளர் கன்னடக் குழந்தைகளை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிபட நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டினார். கன்னடமும் நம்மைப் போல உயிர்மெய் எழுத்துமுறைதான். நாமோ ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லா வரிசையையும் ‘முடித்துவிட்டோம்’ என்று டயரியில் எழுதிவிட்டு, இரண்டாம் வகுப்பிலிருந்து அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

க என்னும் ஒரே எழுத்தைக் கல், தங்கம், பகல் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒலிக்கிறோம். தமிழை வீட்டில் பேசும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாக வரும். மலையாளம் பேசும் வீட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வராது. அங்கே அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. அந்தப் பிள்ளை தங்கத்தை வல்லினமாகவே அழுத்திப் படித்தால் அது கோளாறு இல்லை, இரண்டு எழுத்துமுறைகளுக்கு நடுவே நிற்கும் பிள்ளையின் நியாயமான தடுமாற்றம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கரை, கறை இரண்டையும் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பேச்சில் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். பேச்சில் இல்லாத வேறுபாட்டைப் பிள்ளை எழுத்தில் தவறவிட்டால் அதற்குச் சிவப்புக் கோடு போட்டு என்ன பயன்? மலையாளத்தில் ஆற்றங்கரைக்கும் துணியில் படும் கறைக்கும் இன்றும் ஒலி வேறுபாடு காதில் நன்றாகக் கேட்கும். அதனால் எங்கள் பள்ளி வாசலில் கடை வைத்திருக்கும் சேச்சியை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டு இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தேன். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கை தூக்கினார்கள். ர எது, ற எது என்று அன்றைக்குத்தான் அவர்கள் காதால் அறிந்தார்கள். எல்லையில் இருப்பதில் இப்படி ஒரு வசதியும் உண்டு.

தாளின் பின்பக்கம் முழுவதும் படிப்புக் குறைபாடு பற்றியது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் முதன்மையான அடையாளம் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது: சரியா, தவறா? சரி என்று போட்டேன். கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். தவறு. ஆறு ஏழு வயதுவரை எந்தப் பிள்ளையும் அப்படி எழுதும், அது மட்டுமே எதையும் காட்டாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கலின் வேர் கண்ணில் இல்லை, சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பிடித்து எழுத்தோடு இணைப்பதில் இருக்கிறது. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்னும் தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதியவன். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்திருந்தால் பள்ளியிலேயே சுட்டியான பையன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார். ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் சரியாகக் கவனித்ததை நான் கவனிக்காமல் விட்டேன்.

விட்டது ஒரு பெண்ணை. அவள் நான்காம் வகுப்பு. எழுத்தைத் திருப்பி எழுதியதில்லை. பிழையாகப் படித்ததும் அபூர்வம். ஆனால் ஆழக் கிணற்றில் நீர் இறைப்பது போல ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்துப் படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். மற்ற பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டும்போது இவளும் புரட்டிவிடுவாள். பிழை இல்லாததால் இவளுக்கு ஒன்றும் இல்லை, கூச்ச சுபாவம் என்று எண்ணினேன். எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஒழுங்காக இருக்கும் ஜெர்மன் போன்ற மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக்குறைவாகவே வெளிப்படுகிறது என்று 1990களிலேயே ஆய்வு வந்திருக்கிறது. தமிழும் அப்படிப்பட்ட ஒழுங்குடைய எழுத்துத்தான். நான் ஆங்கிலப் பிள்ளைக்குச் சொன்ன அடையாளத்தைத் தமிழ்ப் பிள்ளையிடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளோடு மதிய உணவுக்குப் பிறகு தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. நான் சொல்லும் சொல்லில் எத்தனை ஒலியோ அத்தனை கொட்டையை அவள் ஒவ்வொன்றாக முன்னே தள்ள வேண்டும். ‘பூ’வுக்கு ஒரு கொட்டைதான் தள்ளினாள், முதல் மூன்று வாரமும். நான்காவது வாரத்தில் ஒருநாள் ஒன்றைத் தள்ளினாள், நின்றாள், உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், இன்னொன்றைத் தள்ளினாள். எட்டு மாதம் கழித்தும் அவள் மெதுவாகத்தான் படித்தாள். அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது விட்டுப்போன பாடம். இவளுக்கு வேண்டியிருந்தது நீண்ட காலப் பயிற்சியும் முறையான மதிப்பீடும். இரண்டு பேரும் என் பதிவேட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டிருந்தார்கள்: பின்தங்கியவர்.

மதிப்பீட்டுக்கு அவளை ஒரு மையத்துக்கு அனுப்பினோம். அங்கே மலையாளத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், பிறகு ஆங்கிலத்தில். தமிழில் கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. அவள் அம்மா திரும்பி வந்து, “டீச்சர், என் மகளுக்கு மலையாளம் வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்” என்று தாளை நீட்டினார். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் இருபத்தொரு வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. சட்டத்தில் இடம் இருந்தும், எந்த மொழியில் படிக்கிறாளோ அந்த மொழியில் சோதிக்க ஆள் இல்லை என்றால் அந்த இடம் அவளுக்கு எட்டாது. கடைசியில் எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் தமிழில் பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவருக்கு என்ன எழுதி அனுப்புவது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. எந்த ஒலி பிடிபடவில்லை, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் படிக்கிறாள், என்ன கற்பித்துப் பார்த்தோம், எவ்வளவு மாறியது என்று இரண்டு பக்கம் எழுதினேன். தாள் எனக்குக் கொடுத்தது அதை.

அந்தத் தாளைச் சக ஆசிரியர்களிடம் கொண்டுபோன போதெல்லாம் தயக்கம்தான் எதிரே வந்தது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. மதிப்பெண் மேலே போகும், பட்டியலாகும், இந்தப் பள்ளி டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று பெயராகும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் என் கோரிக்கையை இப்படி வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில், ஜூன் மாதப் பயிற்சியின் முதல் நாளில் இப்படி ஒரு தாள் வேண்டும். பெயர் வேண்டாம், தாளைத் திருப்பி வாங்க வேண்டாம். எந்தக் கேள்வியில் அறையில் பாதிப்பேர் தவறினார்களோ அதுவே அடுத்த நாளின் பாடமாக வேண்டும். தமிழ்வழிப் பள்ளிக்குத் தமிழில், தமிழின் எழுத்தையும் எங்கள் ஊர்ப் பேச்சையும் வைத்துக் கேட்க வேண்டும். மார்ச்சில் அதே தாள் மறுபடி. வேலை போகும் என்ற தேர்வில் ஆசிரியர் மனப்பாடம் செய்வார், தேறுவார். நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அங்கே இடமில்லை.

மிகவும் எதிர்த்தவர் எங்கள் பக்கத்துப் பள்ளி மாஷ் (ஆண் ஆசிரியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள்தான் இருக்கின்றன, நீதிமன்றமே அவரை விட்டுவிட்டது. “முப்பது வருடம் பிள்ளைகளைப் படிக்க வைத்தவனிடம் அம்மாவில் எத்தனை ஒலி என்று கேட்கிறீர்களா?” என்று அன்றைக்குக் கூட்டத்திலேயே எழுந்து நின்றவர். தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

போன ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நான் பியாஜேயை மூடிவைத்துவிட்டு எடுத்தேன்.

“டீச்சர், ஒரு சந்தேகம். ‘கை’யில் எத்தனை ஒலி?”

இரண்டு மாஷ் என்றேன். க், ஐ.

“ஐ ஒன்றா? என் வகுப்பில் ஒரு பெண் மூன்று கொட்டை தள்ளுகிறாள். க், அ, இ என்கிறாள். நானும் பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் சொல்வதுதான் கேட்கிறது.”

நானும் சொல்லிப் பார்த்தேன். வாய் திறந்து, பிறகு மேலே குறுகியது. அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் ஆகும் என்று தொல்காப்பியமும் சொல்வது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் தவறு செய்யவில்லை மாஷ், அவளுடைய காது கூர்மை, தள்ளியது சரி என்றே சொல்லுங்கள் என்றேன். பிறகு ஔவுக்குப் போனோம். அதன் பிறகு அவர் வகுப்பில் இன்னொரு பையனைப் பற்றி, ‘வெ’யையும் ‘வே’யையும் மாற்றிப் படிப்பவனைப் பற்றிக் கேட்டார். அவன் எந்தெந்தச் சொல்லில் மாற்றுகிறான், காதால் கேட்டால் வேறுபாடு தெரிகிறதா, கண்ணால் பார்க்கும்போதுதான் குழம்புகிறதா என்று கேட்டேன். நாளைக்குப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன் என்றார்.